ஒரு வாளுக்கு 81,600 ரூபாய் கொடுத்த கதை

2023 நவம்பர் 16, வியாழக்கிழமை. தீபாவளி முடிந்து நாலு நாள். திருப்பூரில் பாதிக் கம்பெனிகள் இன்னும் திறக்கவில்லை, ஊருக்குப் போன ஆட்கள் திரும்பவில்லை, எனக்கும் லீவு. காலையிலிருந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தேன். இரண்டரை வருஷமாக நான் ஆடிக்கொண்டிருந்த ஆன்லைன் ஆர்பிஜி (ஒரு கேரக்டரை எடுத்து வளர்த்துக்கொண்டே போகிற) கேமுக்குப் புது எக்ஸ்பான்ஷன், அதாவது புது ஊரும் புது ஆயுதங்களும் சேர்ந்த பெரிய தொகுப்பு, அன்றைக்குத்தான் வந்தது. மதியம் மூன்று மணிக்கு சர்வர் திறந்தது. புது ஊருக்குக் கப்பலில் போய் இறங்கினால் துறைமுகத்தில் ஒரு கிழவர் நிற்கிறார், ஐந்து காட்டுப்பன்றியை அடித்துவிட்டு வா என்கிறார். அடித்தேன். கூலியாக ஒரு வாள் கொடுத்தார். பெயர் பச்சை நிறத்தில் இருந்தது, அதாவது கேமிலேயே மட்டமான ரகத்துக்கு ஒரே ஒரு படி மேல். சும்மா ஒரு வேடிக்கைக்கு அதை என் வாளுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கிழவர் கொடுத்த வாளுக்குத்தான் சக்தி எண் பெரியது.

என் வாள் எப்படிப்பட்டது என்று சொன்னால்தான் இது புரியும். 2022 டிசம்பரில் ஒரு ரெய்டில், அதாவது நிறையப் பேர் சேர்ந்து பெரிய எதிரிகளை அடிக்கிற சண்டையில், கிடைத்தது. அதற்கப்புறம் பதினோரு மாதம் கல் போட்டுக் கல் போட்டு அப்கிரேட் செய்து, கேமில் போகக்கூடிய கடைசிப் படியான பதினைந்துக்குக் கொண்டுபோயிருந்தேன். எங்கள் சர்வரில் அந்த வாளைப் பதினைந்தில் வைத்திருந்தவர்கள் என்னையும் சேர்த்து ஏழு பேர். அந்தக் கல்லுக்காக மட்டும் நான் செலவழித்தது 81,600 ரூபாய். அப்போது என் மாதச் சம்பளம் 38,000. பன்றி அடித்த கூலிக்கு முன்னால் அது ஒன்றுமில்லாமல் போக எனக்கு ஆனது இருபது நிமிஷம்.

கேமின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் அந்த ஒரு கேம்தான் மோசம், நாம் ஆடுவது வேறு என்று நீங்கள் நிம்மதியாகப் போய்விடுவீர்கள். பல வருஷமாக ஓடுகிற இந்த வகை கேம்களில் பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தவைதான், அது தெரியாமல் போனதுதான் என் பிரச்சினை.

நான் ஆரம்பித்தது 2021 ஜூன், இரண்டாம் அலை ஊரடங்கில். நான் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசர், வெளிநாட்டுப் பையர்களின் ஆர்டரைக் கவனிக்கிற வேலை. பையர் மெயில் எல்லாம் நின்றுபோயிருந்தது, வீட்டில் சும்மா இருந்தேன். ஒரு யூடியூப் வீடியோ பார்த்து டவுன்லோட் செய்தேன். மாதச் சந்தா ஆயிரத்துச் சொச்சம், ஒரு சினிமாவுக்குக் குடும்பத்தோடு போனால் ஆகிற காசுதானே என்று கட்டிவிட்டேன். சிங்கப்பூர் சர்வர். கில்டில் (சேர்ந்து ஆடுகிற குழுவில்) மலேசியா, பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா ஆட்கள், இரண்டு பேர் சென்னை. கில்டை நடத்தியவர் மலேசியாவில் கிள்ளான்காரர், தமிழர், ஐம்பது வயது இருக்கும், எல்லோரும் மாமா என்று கூப்பிடுவோம். எனக்கு ஹீலர் என்றால் என்ன, டாங்க் என்றால் என்ன என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தவர் அவர். நிஜமாகவே நல்ல நாட்கள் அவை, அதை மறுக்க மாட்டேன். ஆனால் என்னைச் சுற்றி நேரில் இந்த மாதிரி கேம் ஆடுகிறவர் ஒருவரும் கிடையாது. ஆபீஸ் பையன்கள் எல்லாம் போனில் சுட்டுக்கொண்டிருப்பார்கள், அது அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். நான் செய்வது சரியா, இவ்வளவு போடலாமா என்று கேட்க ஆளே இல்லை. கேட்கவும் வெட்கம்.

வாரம் எப்படிப் போகும் என்றால், வியாழக்கிழமை காலை எல்லாம் புதிதாகத் திறக்கும். கியர் (ஆயுதம், கவசம் எல்லாம்) வாங்க வாரத்துக்கு 500 டோக்கன்தான் சேர்க்க முடியும். ரெய்டில் ஒரு பாஸிடம் (பெரிய எதிரியிடம்) வாரத்துக்கு ஒருமுறைதான் லூட், அதாவது பரிசுப் பொருள், கிடைக்கும். நான் வெள்ளி இரவுக்குள்ளேயே 500 டோக்கனை முடித்துவிடுவேன். அப்புறம் அடுத்த வியாழன் வரைக்கும் ஐந்தரை நாள் என்ன செய்தேன் என்று இப்போது யோசித்தால் உருப்படியாகச் சொல்ல ஒன்றுமில்லை. தினசரிக் குவெஸ்ட், மூலிகை பறிப்பது, மீன் பிடிப்பது, ஊர் நடுவில் நின்று கியரைக் காட்டிக்கொண்டிருப்பது. முதல் பாடம் இங்கேதான் இருந்தது, நான் பார்க்கவில்லை. வார உச்சவரம்பு என்று ஒன்று வைத்திருக்கிறார்கள் என்றால், அதற்கு மேல் ஆடினால் உங்கள் கேரக்டருக்கு அதிகமாக ஒன்றும் ஏறாது என்று அவர்களே சொல்கிறார்கள் என்று அர்த்தம். வாரத்துக்கு ஆறு, ஏழு மணி நேரம் போதும். நான் இருபத்தைந்து மணி நேரம் ஆடினேன். ஆறு மணி நேரம் ஆடிய சென்னைப் பையனுக்கும் எனக்கும் கியரில் மயிரிழைகூட வித்தியாசம் இருந்ததில்லை, அதைப் பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை.

வித்தியாசம் காட்ட ஒரே வழி அப்கிரேட் கல். அங்கேதான் காசு போனது. பத்தாம் படி வரை சுலபமாக ஏறும். பதினான்கிலிருந்து பதினைந்துக்குப் போக, ஒரு முயற்சிக்கு நூற்றில் ஐந்து வாய்ப்பு. ஒரு பேக் 1,700 ரூபாய், அதில் இரண்டு முயற்சி. செப்டம்பர் மாதம் திடீரென்று ஒரு ஆஃபர் போட்டார்கள், ஒரு பேக் வாங்கினால் இன்னொன்று இலவசம். இரண்டரை வருஷத்தில் அப்படி ஒரு ஆஃபர் வந்ததேயில்லை. நான் துள்ளிக் குதித்தேன்.

இதை எழுதும்போதுகூட என்மேலேயே எரிச்சல் வருகிறது. என் தொழில் என்ன? துணி. சீசன் முடியப் போகிறது என்றால் மீந்த சரக்கு என்ன ஆகும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஐரோப்பாவில் நல்ல விலைக்குத் தொங்க வேண்டிய டீ சர்ட், ஆர்டர் கேன்சல் ஆனால் காதர்பேட்டையில் கிலோ கணக்கில் போகும். துணி அதே துணி, தையல் அதே தையல், சீசன்தான் போய்விட்டது. கடையில் பாதி விலை என்று போர்டு வைத்தால் அடுத்த சரக்கு லாரியில் ஏறிவிட்டது என்று எனக்குத் தெரியும். அதையே கேமில் பார்த்ததும் லாபம் என்று நினைத்து ஓடினேன். எக்ஸ்பான்ஷன் வரப்போகிறது என்பது ரகசியமும் இல்லை, தேதியோடு டிரெய்லர் விட்டிருந்தார்கள், நானே அதை நாலு தடவை பார்த்தேன். புது வாள் வரும் என்று தெரியும். பழைய வாள் இரண்டு மூன்று மாதமாவது தாங்கும் என்று நானாகவே நினைத்துக்கொண்டேன்.

ஆறு வாரத்தில் 14 பேக் வாங்கினேன், 23,800 ரூபாய். ஐம்பது தடவை தோற்று ஐம்பத்தொன்றாவது தடவை விழுந்தது. அக்டோபர் 21, சனிக்கிழமை இரவு ஒன்றே கால் மணி. சர்வர் முழுக்க என் கேரக்டர் பெயர் பொன்னெழுத்தில் ஓடியது, யார் யாரோ வாழ்த்து அனுப்பினார்கள், மாமா ஒரு பட்டாசு எமோஜி போட்டார். சத்தம் போட முடியாது, மனைவியும் குழந்தையும் தூங்குகிறார்கள், இருட்டில் உட்கார்ந்து கையைப் பிசைந்துகொண்டேன். இரண்டு நாள் கழித்து ஆயுத பூஜை. கம்பெனியில் கட்டிங் மெஷினுக்குப் பொட்டு வைக்கும்போது என் ஆயுதத்தை நினைத்துச் சிரித்தேன். அந்த வாளை நான் உபயோகித்தது மொத்தம் 26 நாள். இரண்டு பேக் பிரிக்காமலேயே மிச்சம். எக்ஸ்பான்ஷன் வந்ததும் அதன் பெயருக்கு முன்னால் 'பழைய' என்று ஒரு சொல் சேர்ந்துகொண்டது, இன்றைக்கும் பெட்டியில் கிடக்கிறது.

பன்றி விஷயம் நடந்த அன்று இரவு மாமாவிடம் குரலில் பேசினேன். நான் கொதித்துப் போய்ப் பேச, அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், "தம்பி, இது ஒவ்வொரு எக்ஸ்பான்ஷனுக்கும் நடக்கறதுதானே. நீங்க தெரிஞ்சேதான் காசு போடறீங்கன்னு நெனச்சேன்" என்றார். அவரும் அதே ரெய்டில் அதே வாள் எடுத்தவர்தான், பத்தாம் படியோடு நிறுத்திவிட்டார். ஏன் நிறுத்தினார் என்று எனக்கு ஒருநாளும் கேட்கத் தோன்றவில்லை. இந்தக் கட்டுரையை நான் எழுதுவது அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான். எல்லோருக்கும் தெரிந்த விஷயம் என்பதால் யாரும் புதிதாக வந்தவனுக்குச் சொல்வதில்லை.

வீட்டில் மாட்டியது அதற்கு முன்பே. தீபாவளி போனஸ் வந்ததும் கிரெடிட் கார்டு பில்லுக்குக் கட்டிவிட்டு, கம்பெனியில் இந்த வருஷம் தாமதம் என்று வீட்டில் சொல்லிவிட்டேன். திருப்பூரில் எந்தக் கம்பெனியில் என்றைக்குப் போனஸ் என்பது காற்றிலேயே வரும் என்பதை மறந்துபோனேன். "என்னங்க, கீழ் வீட்டக்கா வீட்டுல போன வாரமே வந்துருச்சாமுங்க. அதே கம்பெனிதானுங்களே?" என்று மனைவி கேட்டபோது கையில் முறுக்கு மாவு. கத்தவில்லை. கேட்டுவிட்டு மாவைப் பிழிந்துகொண்டே இருந்தார். கடன் கட்டினேன் என்று அதற்கும் ஒரு பொய் சொன்னேன். உண்மையைச் சொன்னது அடுத்த ஜனவரியில். அந்த இரண்டரை மாதம் எப்படிப் போனது என்பதை எழுத எனக்கு இஷ்டமில்லை.

ஜனவரியில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 29 மாதச் சந்தா 30,450. புது எக்ஸ்பான்ஷன் 3,400. கல் 81,600. கூடுதல் பெட்டி, உடை, ஒரு குதிரை எல்லாம் 14,200. டாலரில் பிடிப்பதால் என் கார்டுக்கு 3.5 சதவீதம் கட்டணம், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, இந்தச் சில்லறையே 5,354. கூட்டினால் 1,35,004 ரூபாய். நேரத்தையும் கேமே எழுதி வைத்திருக்கிறது: 131 நாள் 6 மணி நேரம். 3,150 மணி நேரம். எட்டு மணி நேர ஷிப்டாகப் பிரித்தால் 394 ஷிப்ட், ஞாயிறு லீவு விட்டால் ஒரு வருஷத்துக்கு மேல் வேலை. இதற்கிடையில் ஒரு பையருக்குப் போக வேண்டிய பிபி சாம்பிள் (மொத்தமாகத் தைக்கும் முன் அனுப்பும் மாதிரி) ஒருநாள் தாமதமானதும் உண்டு. இரவு மூன்று மணி வரை ரெய்டு, காலையில் கூரியர் போகும் நேரத்துக்கு எழவில்லை. முதலாளி திட்டியதோடு போனது என் நல்ல காலம்.

அப்புறம்தான் மற்ற கேம்களின் சரித்திரத்தை எடுத்துப் படித்தேன், கோபத்தில். என்னை மட்டும் ஏமாற்றிவிட்டார்கள் என்று நிரூபிக்க நினைத்துப் படிக்க ஆரம்பித்தால், கிடைத்தது வேறு. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் 2004 நவம்பரில் வந்தது. அதன் எக்ஸ்பான்ஷன் வந்த மாதங்களை ஒரு தாளில் எழுதினேன்: 2007 ஜனவரி, 2008 நவம்பர், 2010 டிசம்பர், 2012 செப்டம்பர், 2014 நவம்பர், 2016 ஆகஸ்ட், 2018 ஆகஸ்ட், 2020 நவம்பர், 2022 நவம்பர். பஞ்சாங்கம் மாதிரி இரண்டிரண்டு வருஷம். 2007இல் முதல் எக்ஸ்பான்ஷன் வந்தபோது, நாற்பது பேர் சேர்ந்து மாதக்கணக்கில் ரெய்டு அடித்துச் சேர்த்த ஊதா (உயர்ந்த ரக) கியரைப் புது ஊரின் பச்சைக் கியர் ஓரங்கட்டியது பழைய ஆட்கள் எல்லோருக்கும் தெரிந்த கதை. எனக்கு நடந்தது பதினாறு வருஷத்துப் பழசு. 2016இல் வந்த லீஜியனில் ஒவ்வொருவருக்கும் ஒரு பெரிய ஆயுதத்தைக் கொடுத்து இரண்டு வருஷம் வளர்க்க வைத்தார்கள், முடிவில் அதன் சக்தியைக் கதையிலேயே வடித்து எடுத்துவிட்டார்கள். அடுத்ததில் ஒரு கழுத்தணி, அதற்கும் அதே கதி. இரவல் சக்தி என்று ஆடுகிறவர்களே அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

ஃபைனல் ஃபேண்டஸி 14 கதையும் ஏறக்குறைய இதேதான். 2010இல் வந்து தோற்று, 2013 ஆகஸ்டில் புதிதாகக் கட்டி விட்டார்கள். பிறகு 2015 ஜூன், 2017 ஜூன், 2019 ஜூலை, 2021 டிசம்பர், 2024 ஜூலை. நடுவில் வரும் பேட்ச்களும் (சிறிய புதுப்பிப்புகளும்) எண் வைத்து மாதக்கணக்கில் வரும், இரட்டைப்படை எண்ணில் வரும் பேட்சில்தான் பெரிய ரெய்டு. அதன் தயாரிப்பாளர் நவோகி யோஷிதா, வேண்டியதை முடித்துவிட்டு வேறு கேம் ஆடப் போங்கள், புது பேட்ச் வந்தால் திரும்பி வாருங்கள் என்று பொதுவில் பலமுறை சொல்லியிருக்கிறார். கேம் நடத்துகிறவரே சந்தாவை நிறுத்திவிட்டுப் போ என்கிறார், நான் என்னடாவென்றால் நிறுத்தினால் கில்டில் என்ன நினைப்பார்களோ என்று கட்டிக்கொண்டிருந்தேன். ஆனால் அதே கேமில் வீடு வாங்கினால் 45 நாள் உள்ளே போகாவிட்டால் இடிந்துவிடும், அதையும் சொல்ல வேண்டும். ஒரு கேமில் எந்தப் பொருள் நீங்கள் இல்லாதபோது அழியும் என்று முதலில் பாருங்கள். அதுதான் உங்களைக் கட்டிப்போடப் போகிற கயிறு.

இவ்வளவு திரும்பத் திரும்ப வருகிறதே, சோம்பேறித்தனம்தானே என்று நிறையப் பேர் திட்டுகிறார்கள். முதலில் நானும் திட்டினேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. எங்கள் பக்கம் மாரியம்மன் கோவிலில் பூச்சாட்டு ஆனால் இத்தனாவது நாள் கம்பம், இத்தனாவது நாள் பொங்கல் என்று எல்லோருக்கும் தெரியும், அதனால்தான் வெளியூரில் இருப்பவன் லீவு போட்டு வர முடிகிறது. கேமிலும் அப்படித்தான். எல்லோருடைய கியரையும் அவ்வப்போது அழித்து ஒரே கோட்டில் நிறுத்தாவிட்டால், நாலு வருஷம் முன்னால் போனவன் திரும்பி வர முடியாது, புதிதாக வருகிறவன் ஒருநாளும் எட்டிப் பிடிக்க முடியாது, கில்டுக்கு ஆள் கிடைக்காது, சர்வர் காலியாகிவிடும். திடீரென்று எல்லாவற்றையும் மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் உண்டு. ரூன்ஸ்கேப் 2012 நவம்பரில் சண்டை போடும் முறையையே தலைகீழாக மாற்றியது. எதிர்ப்பு அப்படி ஒரு எதிர்ப்பு, மூன்று மாதத்தில், 2013 பிப்ரவரியில், 2007 ஆகஸ்ட் மாதத்துப் பழைய பிரதியை எடுத்துத் தனி கேமாகத் திறக்க வேண்டியதாயிற்று. அதில் புதிதாக எதைச் சேர்ப்பது என்றாலும் ஆடுகிறவர்களிடம் ஓட்டெடுப்பு நடத்தினார்கள், நூற்றுக்கு 75 பேர் சம்மதிக்க வேண்டும் என்று ஆரம்பித்தார்கள். ஜனங்களுக்கு அடுத்து என்ன வரும் என்று தெரிந்திருப்பது பிடித்திருக்கிறது. எனக்கும் பிடித்திருக்கிறது. தெரிந்ததை வைத்து நான் ஒன்றும் செய்யாமல் இருந்ததுதான் கோளாறு.

ஆகவே புதிதாக ஒரு கேமில் கால் வைக்கிறவர் முதலில் செய்ய வேண்டியது அதன் பழைய பேட்ச் தேதிகளைத் தேடி எடுத்து ஒரு தாளில் எழுதுவது. பத்து நிமிஷ வேலை. எக்ஸ்பான்ஷனுக்கு எக்ஸ்பான்ஷன் எத்தனை மாதம், நடுவில் பெரிய பேட்ச் எத்தனை, ஒவ்வொரு பேட்சிலும் கியர் எவ்வளவு ஏறுகிறது, பின்தங்கியவர்களுக்குச் சுலபக் கியர் எந்தப் பேட்சில் கொடுக்கிறார்கள். நாலு சுற்று எழுதினால் ஐந்தாவது சுற்று தானாகத் தெரியும். ஆடிப் பட்டம் தேடி விதை என்பது இங்கே அப்படியே பொருந்தும். பேட்ச் வந்த முதல் ஐந்தாறு வாரம் ஆடினால் உழைப்புக்கு மதிப்பு, ஆளும் நிறைய இருப்பார்கள், சந்தையில் நீங்கள் பறிக்கும் மூலிகைக்கும் விலை இருக்கும். எக்ஸ்பான்ஷனுக்கு முந்தைய கடைசி ஆறு மாதத்தில் கியருக்காகக் காசோ நேரமோ போடுவது அறுப்புக்கு முந்தின வாரம் உரம் போடுகிற வேலை. அந்த ஆறு மாதத்தில் எது ஆஃபரில் வந்தாலும் கண்ணை மூடிக்கொள்ளுங்கள்.

கியரைத் தவிர எல்லாமே வீண் என்றும் சொல்ல மாட்டேன். என் கணக்கில் இன்றைக்கும் மதிப்போடு நிற்பவை மவுண்ட் (ஏறிப் போகிற குதிரை மாதிரி), பட்டங்கள், உடைகள், பார்த்து முடித்த கதை, அப்புறம் அந்தக் கில்டு ஆட்கள். ஒரு பொருளில் எண் எழுதியிருந்தால் அது அழியும், எண் இல்லாதது பெரும்பாலும் தங்கும், இதுவே எனக்கு இப்போது உரைகல். எண் ஏறாத கேமும் இருக்கிறது. கில்ட் வார்ஸ் 2 வந்தது 2012 ஆகஸ்டில், அப்போது உச்ச லெவல் 80, எத்தனையோ எக்ஸ்பான்ஷன் வந்த பிறகும் 80தான், மாதச் சந்தாவும் கிடையாது. ஐந்து வருஷம் கழித்துத் திரும்பினாலும் உங்கள் சட்டை உங்களுக்குப் பொருந்தும். என்னைப் போல வேலையும் குடும்பமும் இருப்பவர்களுக்கு அதுதான் சரி என்பது என் அபிப்பிராயம், ஆனால் எண் ஏறும்போது கிடைக்கிற அந்தக் கிறுகிறுப்பு அதில் இருக்காது, அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

லெவல் கணக்கிலும் ஒரு பொறி உண்டு. ரூன்ஸ்கேப்பில் ஒரு திறமையை 99ஆம் லெவலுக்குக் கொண்டுபோக 1,30,34,431 அனுபவப் புள்ளி வேண்டும். 92ஆம் லெவலில் நிற்பவர் முடிக்கப்போகிறோம் என்று நினைப்பார், அங்கே சேர்ந்திருப்பது ஏறக்குறையப் பாதிதான். பாதிக் கிணறு தாண்டியவர் என்று சும்மாவா சொன்னார்கள். எந்தக் கேமாக இருந்தாலும் இன்னும் ஏழு படிதான் என்று எண்ணாதீர்கள், மிச்சம் எத்தனை மணி நேரம் என்று எண்ணுங்கள். என் வாளிலும் பதினான்கு வரை வந்த செலவைவிடக் கடைசி ஒரு படிக்கு ஆன செலவுதான் நெஞ்சில் நிற்கிறது.

நூற்றில் ஐந்து என்பதை நான் எப்படிப் புரிந்துகொண்டிருந்தேன் தெரியுமா? இருபது தடவை போட்டால் ஒன்று விழும் என்று. அப்படி இல்லை. நூறு பேர் ஆளுக்கு இருபது தடவை போட்டால் 36 பேருக்கு ஒன்றுமே விழாது. என்னைப் போல ஐம்பது தடவையும் தோற்பவர்கள் நூற்றில் எட்டுப் பேர் இருப்பார்கள். கால்குலேட்டரில் 0.95ஐ அத்தனை தடவை பெருக்கிப் பாருங்கள், நான் அதை முன்பே செய்திருந்தால் எத்தனையோ மிச்சமாகியிருக்கும். தென் கொரியாவில் 2024 மார்ச் 22 முதல் இந்த மாதிரி அதிர்ஷ்டப் பொருள்களின் விகிதத்தைக் கேம் கம்பெனிகள் வெளியிட்டே ஆக வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது. எங்கள் கேமிலும் ஒரு மூலையில் அந்தப் பக்கம் இருந்தது, நான் திறந்து பார்த்ததில்லை. பேட்ச் தேதி, வார டோக்கன், பாஸ் எந்த நொடியில் எந்த அடி அடிப்பான் என்பது வரை எல்லாவற்றையும் கணிக்க முடிகிற ஒரு கேமில், கணிக்க முடியாத ஒரே இடத்தில்தான் காசு வாங்கும் பெட்டி வைத்திருக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள்.

காசு போகும் குழாயையும் சொல்லிவிடுகிறேன். ரிசர்வ் வங்கி விதிப்படி 2021 அக்டோபர் முதல், தானாகப் பிடிக்கும் பணத்துக்கு ஒருநாள் முன்னதாக வங்கி உங்களுக்குச் செய்தி அனுப்ப வேண்டும். எனக்கும் மாதாமாதம் வந்தது. 2022 கோடையில் நாலு மாதம் வேலை அதிகம், கேமைத் திறக்கவேயில்லை, அந்த நாலு எஸ்எம்எஸ்ஸையும் படிக்காமல் தள்ளிவிட்டேன், 4,200 ரூபாய். இப்போது தானாகப் பிடிப்பதையே நிறுத்திவிட்டேன். ஆட வேண்டும் என்று தோன்றினால் ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டுவேன், கட்டும்போது மனைவியிடம் தொகையைச் சொல்லிவிடுவேன். கேமில் கார்டு எண்ணைச் சேமித்து வைக்காதீர்கள். ஒவ்வொரு தடவையும் பதினாறு இலக்கத்தை அடிக்க வேண்டி வந்தால் பாதி ஆசை அங்கேயே போய்விடும், இது என் சொந்த அனுபவம். பணத்தைத் திருப்பிக் கேட்டும் எழுதினேன். உங்கள் உணர்வைப் புரிந்துகொள்கிறோம் என்று ஒரு பதில் வந்தது, அதோடு சரி.

கேமை விடவில்லை. 2024 முழுக்க மூன்று மாதம்தான் சந்தா கட்டினேன், மூன்றும் பேட்ச் வந்த மாதங்கள். கிள்ளான் மாமா இன்னும் இருக்கிறார், இப்போது புதிதாகச் சேருகிறவர்களுக்கு எக்ஸ்பான்ஷன் தேதிகளை முதல் நாளே நான் அனுப்பிவிடுகிறேன், அவர் சிரிக்கிறார். பழைய வாளைக் கேம் கடைக்காரரிடம் விற்கப் போனால் 14 வெள்ளிக்காசு தருவதாகக் காட்டியது, அது ஒரு வேளை மீன்கறிக்குக்கூட ஆகாது, விற்காமல் வைத்திருக்கிறேன். என் தாளின்படி அடுத்த பேட்ச் தை கடைசியில் வர வேண்டும். எங்களுக்கு அந்தச் சமயத்தில் சம்மர் ஷிப்மென்ட் நெருக்கும், முதல் வாரம் போக முடியாது. மூன்றாவது வாரம் போனால்கூட வாரம் 500 டோக்கன்தானே, பிடித்துவிடலாம்.